அடுத்த வீட்டு மைதானம்

சேறு அப்பிய சாக்ஸுகளைக் காலிலிருந்து உருவியபடியே, உள்பக்கம் வெளியே தெரிய, என் கூடையில் வீசிவிட்டுப் போவார்கள் எங்கள் கால்பந்து கிளப்பின் ஆட்டக்காரர்கள். ஒவ்வொன்றிலும் விரலை விட்டு இழுத்து நேராக்கித்தான் நான் துவைக்க வேண்டும். குளிரில் என் விரல்கள் வெடித்திருந்ததைக் கோச் எப்போது பார்த்தாரோ தெரியாது. அன்று முதல், ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் அவரே புரட்டிப் போடுவார். தோற்ற நாளிலும் இது தப்பாது. "மனசு ஆறுதுக்கா" என்பார், அவ்வளவுதான்.

சொந்த மைதானத்தில் அவரைப் போல் துணிந்து ஆடவிடுகிறவர் கிடையாது. வெளியூரில் பெரிய ஆட்டம் என்றால் ஆளே வேறு. நான் துவைத்து ஜோடி ஜோடியாகச் சுருட்டி வைத்திருக்கும் சாக்ஸுகளை எடுத்து, உடைமாற்றும் அறைத் தரையில் பரப்புவார். ஒவ்வொரு சுருட்டும் ஓர் ஆட்டக்காரன். எல்லாம் கோலை ஒட்டி நெருங்கிக் கிடக்கும். ஒன்றே ஒன்று மட்டும் தூரத்தில் அனாதையாக நிற்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

"அண்ணே, பேச்சுத் துணைக்காவது ஒரு சாக்ஸ அனுப்புங்களேன்" என்பான் முன்னால் ஆடும் நெட்டையன்.

"அடுத்த வீட்டுக்குப் போனா காலை மடக்கித்தான் உக்காரணும்டா. நீட்டினா மிதிச்சிருவாங்க" என்பார் கோச்.

போன வருடத்துக் கடைசி ஆட்டமும் வெளியூரில்தான். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் கிளப்பையே மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். சமனாக முடித்தால் போதும். முடிகிற நேரம்வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போது எதிரணியில் ஒருவனை நடுவர் வெளியே அனுப்பிவிட்டார்.

"மேல ஏறச் சொல்லுங்க சார்! இத விட்டா கிடைக்காது!" என்று உதவிக் கோச் குதித்தார்.

"ஏ அடைகாக்கிற கோழி! முட்டை பொரிஞ்சிருச்சா?" என்று கூட்டம் கத்தியது.

கோச் உள்ளங்கையை நீட்டிக் கீழே அமுக்கிக் காட்டினார். ஏறப் போன எங்கள் குட்டையன், முணுமுணுத்துக்கொண்டே கோல் பக்கம் திரும்பினான். பந்து இடப்பக்கம் போனால் அத்தனை பேரும் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம், ஒரே துணியைப் பிடித்து இழுத்தாற்போல். துண்டுகளோடு பெஞ்சுக்குப் பின்னால் நின்ற நான் கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டேன். திறந்தபோது, பந்து எங்கள் கோல்கீப்பரையும் தாண்டி உருண்டுகொண்டிருந்தது. கோட்டின் மேல் நின்று அதை உதைத்துத் தள்ளியவன் அந்தக் குட்டையன்தான்.

ஆட்டம் சமனில் முடிந்து விசில் ஊதிய பிறகுதான் கோச்சின் கை இறங்கியது. ஊரே ஏசும்போது ஒரு மனிதர் இப்படியும் அசையாமல் நிற்க முடியுமா!

"ஜனங்க கோல் பார்க்கத்தான் வர்றாங்க" என்று சொல்லி, அடுத்த வாரமே முதலாளி அவரை அனுப்பிவிட்டார். எங்கள் பிரிவிலேயே ஆடும் வேறொரு கிளப் கூப்பிட்டுக்கொண்டது.

கிளம்புகிற அன்று கோச் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சலவை அறைக்கு வந்தார். கூடையில் புரட்டாமல் கிடந்த ஒரு சாக்ஸை எடுத்து, விரலை உள்ளே விட்டு நேராக்கிக்கொண்டே சொன்னார்:

"அடுத்த தடவ வர்றப்போ எனக்கு இது அடுத்த வீடுக்கா. காலை மடக்கித்தான் உக்காருவேன். கோவிச்சுக்காதீங்க."