உங்களுக்குன்னே தச்ச மாதிரி

துணிக்கடை விற்பனையாளருக்கு வாய்தான் மூலதனம். யார் எந்த உடுப்பைப் போட்டுப் பார்த்தாலும், "அக்கா, உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு" என்பார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கூசாமல் புளுகுகிறீரே என்று கேட்டால், வியாபாரம் என்பார்.

நோயில் முடியெல்லாம் கொட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனைவி, பழைய பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அது ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

"எப்படிங்க இருக்கேன்?"

"உனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நான் ஒண்ணும் வாங்க வரல. உண்மையச் சொல்லுங்க."

"ரொம்ப இளைச்சுட்டே. பயமா இருக்கு எனக்கு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் கடையிலேர்ந்து வீட்டுக்கு வந்திருக்கீங்க."