ஊதாக் கணு

ஓசூர் வந்து இரண்டு வருடத்தில் என்னோடு தினமும் பேசியவர் ஒருவர்தான். நான் வேலை பார்த்த விதைக் கம்பெனியின் சோதனை வயலில் கேழ்வரகுக் கதிர்களை அளக்கும் அக்கா. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வருவார். கதிரில் ஸ்கேலை வைத்து, வாய்க்குள் தெலுங்கில் எண்ணி, எனக்குத் தமிழில் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். மற்ற நேரமெல்லாம் கணினியும் நானும்தான். நான் குடியிருந்த மாடியில் எல்லோரும் ஷிஃப்ட் ஆட்கள். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான். தனிமை பழகிவிடும் என்கிறவர்கள் பழகிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எந்த மரபணு கதிரை நீளமாக்குகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பேயஸ் முறை என்பார்கள். முதலில் நம் ஊகத்தை எண்ணாக எழுதிவைக்க வேண்டும். அளவுகள் வர வர அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். மரபணுத் தொடரில் எல்லா இடத்துக்கும் சம வாய்ப்பு என்று எழுதினேன். அந்த நடுநிலைமையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அந்தப் பருவத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் வயலை மூடி, என்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அக்காவுக்கும் வேலை இராது.

கிடைத்தது. ஒரே இடத்தில் நிகழ்தகவு செங்குத்தாக ஏறி நின்றது. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன், பார்க்கத்தான் ஆளில்லை. பிறகுதான் உறைத்தது. செடியின் கணுவை ஊதாவாக்கும் மரபணுவுக்கு ஒட்டினாற்போல இருந்தது அந்த இடம். ஊதாக் கணு அளப்பவர் கண்ணுக்கும் தெரியுமே.

அப்படியே அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மறுநாள் வரப்பில் வைத்து அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"மொத நாளு ஊதாச் செடியில கதிரு நீளமா வந்தப்ப சிரிச்சீங்க மேடம். நீங்க சிரிச்சு நான் பார்த்ததே அன்னிக்குத்தான். அதான், ஊதான்னா அரை சென்டி சேத்துச் சொன்னேன்."

கோபம் வரவில்லை. கணினிக்குச் சொல்லாத ஊகத்தை என் முகம் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

மறுபடி அளந்தோம். வேறு ஆளை வைப்பதுதான் முறை, மனம் வரவில்லை. "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, முகம் தெரியாதபடி அவருக்கு முதுகைக் காட்டி நின்று எழுதினேன். மூன்று நாள். செடி எண்ணோடு சேர்த்து எழுதும்போதே தெரிந்துபோயிற்று, ஊதாவும் பச்சையும் ஒரே நீளம்தான். இந்தப் பருவத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"முடிஞ்சுது, திரும்புங்க மேடம்" என்றார் அக்கா.

என்னால் உடனே திரும்ப முடியவில்லை.