பட்ஜெட் மாலையில் ஊதிய சங்கு

ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் அந்தக் கம்பெனி எது என்று பெங்களூரின் பழைய ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நயா பைசா பழகிப்போய், சீனப் போரும் முடிந்து, கல்யாண வீட்டுச் சர்க்கரைக்கு பர்மிட் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளலாம். மாதத்தை மறைக்க வேண்டியதில்லை. பிப்ரவரி. அப்போதெல்லாம் மத்திய அரசின் பட்ஜெட் அந்த மாதக் கடைசியில், மாலை ஐந்து மணிக்குத்தான் படிக்கப்படும்.

நான் பெங்களூர் மர்பி டவுனில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் ஊரான கோலார் தங்கவயலில், சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை செய்தவர். நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது, இனிமேல் தூசியில் வேலை செய்தால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தார்கள். அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் நான் ஆபீஸ் வேலை பார்த்த மின்மோட்டார் கம்பெனியிலேயே அவருக்கும் இடம் கிடைத்தது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை. உட்கார்ந்து செய்யலாம். கம்பியில் தூசி ஒட்டினால் சுருள் கெட்டுவிடும் என்று காலையும் மாலையும் ஈரத்துணியால் தரையைத் துடைப்பார்கள். ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்தபோது அந்தத் தரையைப் பார்த்துவிட்டு அக்கா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் மாமா டெம்பரவரி. அவரோடு வந்த மற்ற தங்கவயல்காரர்களும் அப்படித்தான். புது ஷெட் எழும்பினால் எல்லாரையும் பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஷெட் எழும்புவது ஒரு வரிச்சலுகையை நம்பியிருந்தது. மின்சாரம், நிலக்கரி, எண்ணெய் சார்ந்த தொழில்கள் புது இயந்திரம் வாங்கினால் வருமான வரியில் ஒரு பங்கு கழியும். அது இல்லாவிட்டால் ஷெட் கட்டுவதில்லை என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி தொடக்கத்தில், ஊரிலுள்ள சில முதலாளிகள் எங்கள் ஆபீஸில் கூடினார்கள். டில்லிக்கு ஒரு மகஜர் அனுப்ப வேண்டும். சுருக்கெழுத்து எடுக்க என்னை உட்கார வைத்தார்கள். வந்தவர்களில் மல்லேஸ்வரத்தில் பிஸ்கட் கம்பெனி வைத்திருந்தவர்தான் அதிகம் பேசினார்.

"ஏன் சார், உங்க மோட்டார் மட்டும் செல்லப்பிள்ளை, எங்க பிஸ்கட் தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா? கரன்ட்டு, கரி, எண்ணெய்னு பேர் வெச்சவனுக்கெல்லாம் சலுகை. அத்தனையும் எடுத்துடட்டும். அதுல மிச்சமாகிறதை வெச்சு எல்லாக் கம்பெனிக்கும் வரி வீதத்தைக் குறைக்கட்டும். யாருக்கும் நோகாது."

"நோகாதுன்னு நீங்க சொல்றீங்க. நோகப்போறது எனக்கு" என்றார் எங்கள் முதலாளி.

"ஒரு வருஷம் நோகும். அப்புறம் நீங்களும் பிஸ்கட் போட வந்துடுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என் பென்சில் முனை ஒடிந்தது. நூலகத்தில் பொருளாதாரப் பத்திரிகைகளை விடாமல் படிக்கிறவன் நான். பிஸ்கட்காரர் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது. அதனால்தான் பயமாக இருந்தது. அநியாயமான யோசனையாக இருந்தால் எதிர்க்க நாலு பேர் வருவார்கள். இதை யார் எதிர்ப்பார்கள்? போதாக்குறைக்கு, இந்த முறை டில்லியில் இதை ஏற்கப்போகிறார்களாம் என்று பத்திரிகைகளும் எழுத ஆரம்பித்தன.

வீட்டில் மறைக்க முடியவில்லை.

"இன்னா தம்பி, மூஞ்சி செத்துப்போய்க்கீது?" என்றாள் அக்கா.

சர்க்கரையை வைத்துச் சொன்னேன். கல்யாண வீட்டுக்கென்று தனியாகத் தரும் பர்மிட்டை நிறுத்திவிட்டு, அந்தச் சர்க்கரையை ஊரிலுள்ள எல்லா ரேஷன் கார்டுக்கும் பிரித்துக் கொடுப்பதைப் போல என்றேன்.

மாமாவுக்கு உடனே புரிந்தது. "அப்போ ஊருக்கெல்லாம் ஒரு ஸ்பூன் ஜாஸ்தி, நம்ம கல்யாணத்துல பாயசம் கெடையாது. கணக்கு கரெக்டாத்தான்கீது மச்சான்."

"கரெக்டாகீதா? பல்லைக் காட்றதைப் பாரு. இருமினா முதுகைத் தடவறது நீயா, நானா?" என்றாள் அக்கா.

அதன் பிறகு நான் பத்திரிகையைப் பிரித்தால் அக்கா அடுப்படியிலிருந்து என் முகத்தையே பார்ப்பாள். நான் மடித்து வைத்த பிறகுதான் திரும்பிக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டாள். நிதி மந்திரியின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனாள், அவர் பெயருக்கும் ஒரு அர்ச்சனை செய்ய. மாமா இருமலை அடக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஆபீஸில் யாராவது கேட்டுவிட்டால் பர்மனென்ட் ஆக்கும்போது கழித்துவிடுவார்கள் என்று அவருக்கு நினைப்பு. அடக்கிய இருமல் தோளைக் குலுக்குவதைச் சாப்பிடும்போது பார்ப்பேன்.

பட்ஜெட் நாளன்று மாமாவுக்கு இரண்டாவது ஷிப்டு. டில்லிக்குப் போன் பேச டிரங்கால் பதிவு செய்துவிட்டு முதலாளி மாடி அறையில் உட்கார்ந்திருந்தார். என்னையும் போகவிடவில்லை. தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரத்தில் போன் மணி அடித்தது.

"எடுக்கலையா? நல்லாப் பாத்தியா? தொடவே இல்லையா?" என்று கத்தினார் முதலாளி. வரி வீதத்தைக் குறைக்கும் பேச்சும் இல்லை, சலுகையை நீக்கும் பேச்சும் இல்லை. போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடி, கீழே இருந்த வாட்ச்மேனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சங்கு ஊதுப்பா! நல்லா ஊது! ஊரெல்லாம் கேக்கட்டும்!"

ஆலைச் சங்கு நீளமாக ஊதியது. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சந்தோஷக் கண்ணீர்தான். சத்தம் ஓய்வதற்குள் தங்கவயல் நினைவு வந்துவிட்டது.

தங்கவயலில் ஷிப்டு மாறும் நேரத்துக்குச் சங்கு ஊதும். வேளை தப்பி ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே பாறை வெடித்திருக்கிறது. பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுச் சுரங்கத்து வாசலுக்கு ஓடுவார்கள். அங்கே யார் வந்து என்ன சொன்னாலும் காதில் வாங்கமாட்டார்கள். தன் வீட்டு ஆளின் முகத்தைக் கண்ணால் பார்க்கும்வரை நகரமாட்டார்கள். அம்மாவின் இடுப்பில் இருந்தபடி நானும் அப்படிப் போயிருக்கிறேன். பெங்களூருக்கு வந்ததால் அந்தப் பழக்கம் விட்டுப்போகுமா?

வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மர்பி டவுன் பக்கமிருந்து பெண்கள் ஓடிவந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். சிலருக்குக் காலில் செருப்பில்லை. கம்பெனிக்கு எதிர்வீட்டுக்காரர் விமானத் தாக்குதல் ஒத்திகை என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டார். அந்த இருட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலாளி வெளிறிப்போனார். "யார் இவங்க? யூனியன் ஆளுங்களா? ஏன் ஒருத்தரும் கத்த மாட்டேங்கிறாங்க?" அவர் கை போனைத் தேடியது. "போலீஸுக்குப் போடு."

"போன் வேண்டாம் சார். எல்லாரும் தங்கவயல் பொம்பளைங்க. உள்ள யார் செத்தாங்கன்னு கேக்க வந்திருக்காங்க."

"யாரும் சாகலையேப்பா! நல்ல சேதிக்குத்தானே ஊதச் சொன்னேன்!"

"அது அவங்களுக்குத் தெரியாது சார்."

இருவரும் கீழே இறங்கி ஓடினோம். முதலாளி கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கும்பிட்டுக்கொண்டே, யாருக்கும் ஒன்றுமில்லை, பட்ஜெட் நல்லபடியாக வந்திருக்கிறது என்று தமிழிலும் கன்னடத்திலும் சொன்னார். முன்வரிசையில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கேழ்வரகு மாவு. நான் அவளுக்கு நேர் எதிரே நின்றும் என்னை அவள் பார்க்கவில்லை.

"மொகத்தைக் காட்டுங்க சார்" என்றாள்.

"எதைம்மா?"

"எங்க ஊட்டுக்காரர் மொகத்தைக் காட்டுங்க."

பின்னாலிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். சத்தம் போட்டுக்கூட அல்ல. நான் உள்ளே போய் ஃபோர்மேனிடம் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒரு முகம் தெரிந்ததும் ஒரு பெண் கம்பியை விட்டுவிட்டு அங்கேயே உட்காருவாள். அடுத்த முகம், அடுத்த பெண். மாமாவை மட்டும் காணவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவன் நான். இருந்தும் நானே வேலைக்கூடத்து வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன். அக்கா என்னை அப்போதுதான் பார்த்தாள். எதையோ மறைக்கிறான் என்ற பார்வை.

கையில் ஒட்டிய வார்னிஷைக் கழுவிவிட்டு மாமா கடைசியாக வந்தார். "இன்னாடி, இங்கியே அடை சுட வந்துட்டியா?" என்றார். அக்கா கம்பிக்குள் கையை விட்டு அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். மாவு அவர் சட்டையில் அப்பிக்கொண்டது.

மேலே வந்ததும் முதலாளி ஒரு கூஜாத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "பயந்துட்டேன்பா" என்றார். நாங்கள் பட்ட பயம் அன்றோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அன்றிரவு வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் மாமா வாய்விட்டு இருமிக்கொண்டு வந்தார். இனி ஏன் அடக்க வேண்டும்?

ஷெட் எழும்பியது. மழைக்காலத்துக்கு முன்பே மதராஸ் துறைமுகத்திலிருந்து லாரியில் பெரிய மரப்பெட்டிகள் வந்தன. அவற்றை இறக்கத் தங்கவயல்காரர்களைத்தான் கூப்பிட்டார்கள். கனத்தை எப்படிச் சாய்ப்பது, எங்கே உருளை வைப்பது, எப்போது கயிற்றைத் தளர்த்துவது என்று அவர்களுக்குத் தெரியும். மாமா முன்னால் நின்று குரல் கொடுத்தார். ஒரு கீறல் விழாமல் இறக்கினார்கள். "சலுகை வந்து எறங்கிடுச்சி மச்சான்" என்றார் என்னைப் பார்த்து.

விற்ற கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினீயர் பெட்டியைப் பிரித்து இயந்திரத்தைப் பூட்டினார். செம்புக் கம்பியின் முனையை மாட்டி ஒரு பித்தானை அழுத்தினார். சுருள் தானாகச் சுற்றிக்கொண்டது. எண்ணிக்கை முடிந்ததும் தானாக நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தச் சலுகை இயந்திரம் வாங்குவதற்குத்தான் என்று பல தடவை படித்திருக்கிறேன், தட்டச்சும் செய்திருக்கிறேன். ஆளை வைப்பதற்கு என்று அதில் எங்கும் இல்லை.

மாமா இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சார், இதுங்கிட்ட எத்தினி பேரு நிக்கணும்?"

"ஒருத்தன் போதும். கண்ணு நல்லாத் தெரியணும், அவ்வளவுதான்" என்றார் இன்ஜினீயர்.

மாமா சிரித்தார். தோளைக் குலுக்கும் பழைய இருமலை அடக்கிக்கொண்டார்.

முதலாளி வாக்குத் தவறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். புது ஷெட்டில் இருந்தவர்கள் அனைவரையும் பர்மனென்ட் ஆக்கினார். அங்கே இருந்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்குச் சனிக்கிழமை கூலியோடு, திங்கள்கிழமை வரவேண்டாம் என்று சொல்லப்பட்டது. மாமா வேறு கம்பெனிகளில் அலைந்து பார்த்தார். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்ததும் எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சந்தாபுராவைத் தாண்டி ஒரு கல்குவாரியில் சேர்ந்தார். அங்கே யாரும் மார்பைப் பார்ப்பதில்லை.

முதல் நாள் காலை அக்கா ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு நான் பத்திரிகையைப் பிரித்தேன். அடுப்படியிலிருந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, குவாரிக்கெல்லாம் இந்தச் சலுகை கிலுகை உண்டா?"

தெரியவில்லை என்றேன்.

"குடுக்கப் போறாங்கன்னு அதுல போட்டா முன்னாடியே சொல்லிடு. அங்கியும் மிஷின் வந்து எறங்கிட்டா அவருக்குப் போக எடமில்ல."