நல்லம்மாள் எதையும் விற்கவில்லை

என் தங்கச்சி நல்லம்மாளுக்கு நான் மலேசியக் காசில் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கடன்பட்டிருந்தேன். வருஷக்கணக்காகத் திருப்பித் தரவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமையை அப்புறம் பேசுகிறேன்.

பெருமை பேச எனக்குத் தகுதி உண்டு. தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். கிள்ளானில் போய் "நாகையா லோரி" என்று கேட்டுப் பாருங்கள். சீனக் கடைக்காரர்கூடக் கையைக் காட்டி வழி சொல்வார். துறைமுகத்துக்கும் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலைகளுக்கும் என் லோரிகள் ஓடாத நாள் இல்லை. பேங்க்காரர் முன்னால் நான் ஒருநாளும் நாற்காலி நுனியில் உட்கார்ந்ததில்லை.

ஆனால் முதல் லோரிக்கான முன்பணம் நல்லம்மாளின் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் வந்தது. அது 1980. அவள் காப்பார் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் அய்யாவு அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். பழைய லோரி ஒன்று விலைக்கு வருகிறது என்றுதான் சொன்னேன். ஒன்பது பவுனையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, என்னோடு பஸ் ஏறிக் கிள்ளான் அடகுக் கடைக்கு வந்துவிட்டாள். சீட்டை அவள் பெயரில்தான் எழுதினார்கள்.

ஆறு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்றேன். அந்த ஆறு மாதத்தில் லோரிக்கு இன்ஜின் மாற்ற வேண்டியதாயிற்று. நகை மூழ்கிப்போனது. பிறகு இரண்டாவது லோரி வாங்கினேன், மூன்றாவதும் வாங்கினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் "அடுத்த வருஷம் தந்துடறேன்" என்றேன். அவள் கேட்டதே இல்லை. கேட்கிறவனுக்கு முதலில் கொடு, கேட்காதவனுக்குக் கடைசியில் கொடு என்பது லோரித் தொழிலில் நான் கற்ற பாடம். அதைக் கூடப்பிறந்தவளிடமும் காட்டினேன்.

1986 கடைசியில் என் கால்கள் வீங்கின. லோரி சீட்டில் உட்கார்ந்தே வந்த வீக்கம் என்று சொல்லிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன். பிறகு சோறு இறங்கவில்லை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் செத்துவிட்டன என்றார்கள். வாரம் மூன்று முறை மெஷின் பக்கத்தில் படுக்கவைத்து என் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தில் நான் ஈப்போவுக்கு லோடு கொண்டுபோய் இறக்கியிருப்பேன்.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா தமிழச்சி, சிரம்பான்காரர். "சொந்தத்துல யாராச்சும் ஒரு கிட்னி குடுத்தா நல்லது, அங்கிள். கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு தங்கச்சி. அவகிட்ட நான் கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"அவகிட்ட வாங்கினது போதும்."

நான் கேட்கவில்லை. என் மனைவி புஷ்பவல்லி சொல்லிவிட்டாள். மறுநாளே நல்லம்மாள் காப்பாரிலிருந்து பஸ் மாறி வந்து வார்டில் நின்றாள். எனக்கு ரோஷம். "நீ வீட்டுக்குப் போ. எங்கிட்ட காசு இருக்கு. மெட்ராசுக்குப் போனா விலைக்கே கிடைக்குதாம். வாங்கிக்கறேன்" என்றேன். அந்த வருஷங்களில் இங்கிருந்து அப்படிப் போனவர்கள் உண்டு.

"அங்க விக்கிறவளும் யாருக்கோ தங்கச்சிதான். நான் உயிரோட இருக்கும்போது நீ எதுக்கு அண்ணே கடைக்குப் போற?" என்று கேட்டுவிட்டு, டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "எந்தப் பக்கம் எடுப்பீங்க? நான் வலது தோள்லதான் சாக்கு தூக்குவேன்."

"அப்போ இடது பக்கமா பாக்கலாம்," என்று டாக்டரம்மா சிரித்தார். சோதனை எல்லாம் நடந்தது. பொருந்திவிட்டது.

அப்போதுதான் அய்யாவு என்னை ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு அழைத்துப் போனார். தே தாரேக் என்கிற பால் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க மச்சான். நகையும் போச்சு, இப்ப கிட்னியும் போகுது. நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்? பழைய பாக்கிய முடிச்சிட்டு அப்புறம் அறுக்கச் சொல்லுங்க லா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நாகையாவிடம் இன்னொருவர் பாக்கி கேட்பதா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கொடுப்பதென்றால் ஊர் மெச்சக் கொடுப்பேன் என்று முடிவு பண்ணினேன். கொடுக்கிறவரையும் வாங்கிக்கொள்கிறவரையும் உட்காரவைத்து டாக்டரம்மா விசாரிக்கிற நாள் வந்தது. அன்றைக்கு ஒரு பெரிய தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, வாழைப்பழம், தேங்காய், பட்டுப்புடவை எல்லாம் வைத்து, அதன்மேல் ஐயாயிரம் வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டு வைத்து எடுத்துப்போனேன். உடன்பிறந்தவளுக்குக் கொடுப்பதைக் கவரில் போட்டு நீட்டுகிற குடும்பம் அல்ல எங்களுடையது.

டாக்டரம்மா தட்டைப் பார்த்தார். "அங்கிள், இது என்ன?"

"சீர், டாக்டர். தங்கச்சிக்கு."

"காசு எவ்வளவு?"

"அஞ்சாயிரம்," என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

அவர் ஃபைலை மூடினார். "சீர்னா எனக்கும் தெரியும். எங்க மாமாவும் எங்கம்மாவுக்குத் தட்டுதான் வெப்பாரு. ஆனா இந்த ரூம்ல, இன்னிக்கு, இது விலை. கிட்னிக்குக் காசு கைமாறினா இங்க ஆபரேஷன் கிடையாது. நீங்க வெளிய இருங்க. நான் நல்லம்மா அக்காகிட்ட தனியா பேசணும்."

தாம்பாளத்தோடு வராந்தாவில் நின்றேன். தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்த மலாய்க்கார ஊழியர், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

விசாரணையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். அடுத்த முறை நல்லம்மாளின் கணவரும் வர வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்துப் படுக்கையில் இருந்த பந்திங் ஊர்க்காரர் ஒரு காலையில் இல்லை, மெத்தையைச் சுருட்டிவைத்திருந்தார்கள். நாகையாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. என் ஜம்பம் என்னைக் கொல்லப்போகிறது என்று புரிந்தது.

இரண்டாவது விசாரணைக்கு நல்லம்மாள் ஒரு மைலோ டின்னோடு வந்தாள். மூடியைத் திறந்து, மஞ்சளாகிப்போன அடகுச் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"தேதியப் பாருங்க டாக்டர். 1980. அப்ப எங்கண்ணனுக்குக் கிட்னி ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கடன் வேற, இது வேற. ஒண்ணுக்கு ஒண்ணு ஈடு கிடையாது."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நகை என்னோடது, உடம்பும் என்னோடது. பயமா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. அண்ணன்கிட்ட போயி வசூல் பண்ணாதீங்க." அய்யாவு தலை குனிந்துகொண்டார். "பயமாத்தான் இருக்கு புள்ள," என்றார்.

கடைசியில் என்னிடம் வந்தாள். "இந்தக் காச இப்பக் குடுத்தா நான் வித்தவ. ஆபரேஷனுக்கு மறுநாள் குடுத்தாலும் வித்தவதான். நான் திரும்பவும் வேலைக்குப் போவணும். நீ திரும்பவும் லோரி எடுக்கணும். ரெண்டு பேரும் முழுசா நிக்கிறத ஊரு பாக்கணும். ரெண்டு வருஷம் கழிச்சு, சம்பள நாள் அன்னிக்கு, நீயே லோரிய ஓட்டிக்கிட்டு எங்க தோட்டத்துக்கு வா. எல்லாரு முன்னாலயும் குடு. அதுவரைக்கும் ஒரு காசு நான் தொட மாட்டேன்."

டாக்டரம்மா உடனே தலையாட்டிவிடவில்லை. சீட்டை இரண்டு முறை படித்தார். இன்னொரு டாக்டரை அழைத்து நல்லம்மாளோடும் அவள் கணவரோடும் தனித்தனியாகப் பேசவைத்தார். அதற்குப் பிறகுதான் நாள் குறித்தார்கள்.

1987 ஆகஸ்டில் அவளுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து என் அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்துத் தைத்தார்கள். ரத்தக் குழாயைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்திலேயே, மேசைமேலேயே அது மூத்திரம் இறக்க ஆரம்பித்துவிட்டதாம். இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிள்ளானில் இல்லை. நல்லம்மாளிடம் சொன்னபோது, "என்னோடதுதானே. சும்மாவா இருக்கும்?" என்றாள். பதினோரு வருஷமாக அது சும்மா இருக்கவில்லை.

ஆனால் தோட்டத்தில் வேறு கதை ஓடியது. அவள் விலாவில் ஒரு சாண் தழும்போடு மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போனாள். முதல் நாளே, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் தம்புசாமி எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "என்ன நல்லம்மா, ஒத்தக் கிட்னி எவ்வளவுக்குப் போச்சு? மிச்சம் இருக்கிறத எனக்குக் குடு லா, நல்ல விலை தரேன்."

"உங்களுக்குப் பொருந்தாது மண்டோரே. அது வேலை செய்யிற கிட்னி."

பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. பொதுக் குழாயடியில், கோயிலில், முனியாண்டி பூசையில்கூட, லோரிக்கார அண்ணனிடம் பத்தாயிரம் வாங்கினாள், இருபதாயிரம் வாங்கினாள் என்று தொகை ஏறிக்கொண்டே போனது. நான் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன். "நீ மாத்திரையப் போட்டுக்கிட்டு உன் வேலையப் பாரு. கணக்கு எங்கிட்ட இருக்கு," என்றாள்.

மாத்திரைகளால் என் முகம் பூரி மாதிரி உப்பியது. கை நடுங்கியது. புஷ்பவல்லி லோரிச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். டாக்டரம்மா சரி என்று சொன்ன வாரமே நான் பானையைக் கவிழ்த்துச் சாவியை எடுத்தேன்.

1989 ஆகஸ்ட், சம்பள நாள். கிள்ளானிலிருந்து காப்பார் வரைக்கும் நானே ஓட்டினேன். தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நல்லம்மாள் தலையில் துண்டு கட்டி, சேறு பட்ட பூட்ஸோடு வரிசையில் நின்றாள். நான் லோரியிலிருந்து குதித்து இறங்கினேன். மெதுவாகவும் இறங்கியிருக்கலாம். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோரியில் தாம்பாளம் இருந்தது. எடுக்கப் போனேன்.

"தட்டு வேணாம். தட்டுல வெச்சா சீரு. கடன கையில எண்ணிக் குடு," என்றாள்.

சட்டைப் பையிலிருந்து ஐயாயிரத்தையும் எடுத்தேன். அவள் மைலோ டின்னிலிருந்து சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "சத்தமா படி."

"ஆயிரத்து எண்ணூறு."

"அப்ப அதுக்கு மேல எதுக்கு?"

"வட்டி இருக்கு நல்லம்மா. ஒன்பது பவுன் இன்னிக்கு என்ன விலை தெரியுமா?"

"மேல ஒரு வெள்ளி வெச்சாலும் அதுக்கு வேற பேரு வெப்பாங்க. மிச்சத்த பையில போடு."

என் வாழ்க்கையில் கொடுக்க வந்த காசைத் திருப்பிப் பையில் போட்டது அன்றைக்கு ஒருநாள்தான். நூறு வெள்ளித் தாள்களில் பதினெட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன்.

நல்லம்மாள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "மண்டோரே, கிட்ட வாங்க. எவ்வளவுக்குப் போச்சுன்னு ரெண்டு வருஷமா கேக்குறீங்களே. இது 1980-ல நான் குடுத்த நகைக்கடன். சீட்டுல தேதி இருக்கு, படிச்சுப் பாருங்க. படிச்சிட்டு நீங்களே எண்ணுங்க. கிட்னிக்கு நான் ஒண்ணும் வாங்கல. அது என் அண்ணனுக்கு நான் குடுத்தது."

தம்புசாமி சீட்டை வாங்கினார். தேதியைப் படித்தார். வரிசை கலைந்து எங்களைச் சுற்றி நின்றது. அய்யாவு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவள் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, காய்ப்புக் காய்த்த வலது கையை நீட்டினாள்.

நான் ஒவ்வொரு தாளாக வைத்தேன். மண்டோர் முதலில் முணுமுணுத்தார். "கேக்கல," என்றாள் நல்லம்மாள். அதற்குமேல் அவர் ஊருக்கே கேட்கும்படி எண்ணினார். பதினைந்து. பதினாறு. பதினேழு. கடைசித் தாளை அவள் விரித்த உள்ளங்கையில் வைத்தேன்.

"பதினெட்டு," என்றார் தம்புசாமி.