மிச்சமிருந்த காதில் ஒரு கடுக்கன்

பர்மா சுப்பையா போய்விட்டார்.

நோய் இல்லை, நெஞ்சுவலி இல்லை. குண்டு... விமானத்திலிருந்து போட்ட குண்டு.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அத்தோ சாப்பிட்டவர்களுக்கு அவரைத் தெரியும். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் வைப்பார். இடது காது இருக்காது.

பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஒருநாள் அவர் ஊருக்குள் வந்து வீட்டைக் கொளுத்தியது. "தம்பி எங்கே?" என்று கேட்டது. சொல்லவில்லை. காதை அறுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் தப்பித் திண்டுக்கல் வந்து சேர்ந்தார்.

நான் இந்தக் கதையைச் சொல்லும்போது நூறு சிப்பாய் என்பேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நாலு பேருதான் அக்கோ" என்பார்.

நாலு பேர் என்றால் கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அக்கோ என்றால் பர்மா பாஷையில் அண்ணன். இந்த ஒரு வார்த்தைக்காக பஸ் ஸ்டாண்டில் ரத்தம் ஓடியிருக்கிறது.

அவருடைய தங்கை மீனா எல்லைக்கு அந்தப் பக்கம், பர்மாவுக்குள் ஓர் அகதி முகாமில் பொது அடுப்பில் சமைக்கிறாள். அரிசி வாங்க வெளிநாட்டிலிருந்து ஃபண்ட் வந்துகொண்டிருந்தது. திடீரென்று நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒருவேளைக் கஞ்சிதான் என்று ஆகிவிட்டது.

அதனால் சுப்பையா தள்ளுவண்டியில் ஒரு பிஸ்கட் டின் வைத்தார். "பர்மா அகதி முகாம் அரிசிக்கு" என்று பெயின்டில் எழுதியது நான்தான். என் எழுத்து பிரிண்ட் மாதிரி இருக்கும். வேடசந்தூர் மில் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள்கூட அதில் சில்லறை போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் கறிக்கடை முருகேசன் முழுப் போதையில் வந்து நின்றான். சுப்பையா மரியாதையாகத்தான் கேட்டார்: "வாங்க அக்கோ, முட்டை போடவா அக்கோ?"

"ஏலே, யாரைப் பாத்து அக்காங்கிற? இம்புட்டு மீசை வச்சிருக்கேன், கண்ணு அவிஞ்சு போச்சா?"

கொதிக்கிற சூப்பைத் தட்டிவிட்டான். சுப்பையாவின் கை வெந்தது, ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தில் அறைந்தான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த டின்னை எட்டி உதைத்தான் பாருங்கள்... சில்லறை எல்லாம் சாக்கடையில்.

இரும்புக் கரண்டி முருகேசன் மூக்கில் இறங்கியது. ஒரே அடி... பல் ஒன்று தெறித்து என் தட்டில் விழுந்தது.

முருகேசனோடு வந்தவர்கள் எட்டு பேர். நான் சிங்கம் மாதிரி நடுவில் பாய்ந்து நாலு பேரைச் சாய்த்தேன்.

"நீங்க பெஞ்சு மேல ஏறி நின்னு கத்துனீங்க அக்கோ" என்று சுப்பையா பிறகு சொன்னார். கரண்டியால் அடித்த அதிர்ச்சியில் அவருக்கு எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது.

அக்கோவுக்கு நான்தான் அர்த்தம் சொன்னேன். முருகேசன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைச் செத்த நேரம் முன்னாடி சொல்லித் தொலைச்சிருந்தா பல்லு மிஞ்சியிருக்கும்ல" என்றான். பிறகு அவனே சாக்கடைக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தான்.

டின்னை நம்பி முகாமுக்குச் சோறு போட முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நம்ம ஊரில் தர்மம் என்று கேட்டால் சில்லறைதான் விழும். விசேஷம் என்று பத்திரிகை வைத்தால் கடன் வாங்கியாவது மொய் செய்வான்.

"பொண்டாட்டியா பிள்ளையா, இந்தாளுக்கு என்னப்பு விசேஷம் வைக்கிறது?" என்றான் முருகேசன்.

"காது குத்துவோம்."

"ஒரு காதுதானய்யா இருக்கு?"

"அப்ப ஒண்ணு குத்துவோம். ஆசாரிக்குப் பாதிக் கூலி."

மண்டபம் பிடித்தோம். ஃப்ளெக்ஸில் சுப்பையா படம் சின்னதாகவும், தாய்மாமன் என்று என் படம் பெரிதாகவும் வந்தது. அது பிரஸ்காரன் செய்த வேலை. முருகேசன் கிடாய் வெட்டினான். திண்டுக்கல்லே திரண்டு வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

தலை நரைத்த மனிதரை என் மடியில் உட்கார வைத்தேன். ஆசாரி ஊசியை இறக்கினார். "அய்யோ!" என்று சுப்பையா மண்டபமே அதிரக் கத்தினார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது.

"காதை அறுத்தப்ப வாயைத் தொறக்கலைன்னீரு, ஊசிக்கு இம்புட்டுக் கூப்பாடா?" என்றேன்.

"அன்னைக்குக் கத்தியிருந்தா, வைக்கப்போருக்குள்ள இருந்த தம்பி வெளிய ஓடியாந்திருப்பான் அக்கோ. இன்னைக்கு யாரு இருக்கா..."

கடுக்கன் நான் போட்டது. சுத்தத் தங்கம்.

மொய் வந்ததும் அவரே கிளம்பினார். எல்லைப்பக்கம் அரிசியும் மருந்தும் வாங்கி, ஆற்றைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். முகாமில் இரண்டு வேளைச் சோறு ஆகிவிட்டது என்று போன் செய்தார். "சோத்துல கல்லு இருக்கான்னு மீனாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லும்" என்றேன். சிரித்தார்.

இன்று காலை மீனா பேசினாள்.

நேற்று மத்தியானம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். பட்டாளத்து விமானச் சத்தம் கேட்டதும் சுப்பையா அவர்களைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டிருக்கிறார். ஒன்றுகூடச் சாகவில்லை. கடைசிப் பையனைத் தள்ளிவிட்டு, அவர் இறங்குவதற்குள் குண்டு அடுப்பு மேலேயே விழுந்திருக்கிறது. அரிசி மூட்டையெல்லாம் எரிந்துபோனது.

"முகம் இல்ல அக்கோ... காதுல கடுக்கன் இருந்துச்சு. அதை வச்சுத்தான்..."

அவளே தொடர்ந்தாள்.

"தாய்மாமன் போட்டது, கேக்காமக் கழட்டக் கூடாதுல்ல? இதை வித்தா பிள்ளைங்களுக்கு நாலு நாள் கஞ்சி ஊத்திருவேன். கழட்டவா அக்கோ?"

கழட்டிக்கம்மா என்றேன்.

நாலு நாள் என்றுதான் சொன்னாள். நாலுதான்.

போய்ட்டு வாங்க, சுப்பையா அக்கோ.