மோட்டார் கொட்டாய் பியர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த செய்தி வந்தபோது நான் பெங்களூரில் ஒரு பியர் தொட்டிக்குள் இறங்கி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓட்டலோடு சேர்ந்த சின்ன ஆலை அது. தானியம் அரைப்பதிலிருந்து தொட்டி கழுவுவதுவரை எல்லா வேலையும் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் லீவு சொல்லிவிட்டு ஒரே ஒரு பையோடு கிளம்பினேன். அந்தப் பையிலிருந்த துணிகளைத்தான் அந்த மழைக்காலம் முழுக்க மாற்றி மாற்றி உடுத்தினேன்.

எங்கள் வீடு புதுச்சேரி ஏம்பலத்துக்குப் பக்கம். வாசலில் ரோடு, பின்னால் கரும்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. போர்வெல்லும் மோட்டார் கொட்டாயும் மட்டும் எங்கள் பெயரில் நின்றன. அப்பாவுக்கு வலது பக்கம் முழுக்க வராமல் போயிருந்தது. பேச்சும் போய்விட்டது. முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியனுப்பினார். அம்மாவுக்கு முட்டி தேய்ந்து போயிருந்தது, பாரம் தூக்க முடியாது. தம்பி கத்தாரில். ஆக, புரட்டுவது என் வேலையானது.

புரட்டிவிட்டு வெளியே வந்தால் அடுத்த புரட்டலுக்குள் திரும்பியாக வேண்டும். வில்லியனூருக்கு பஸ்ஸில் போய் மருந்து வாங்கித் திரும்புவதற்குள் நேரம் சரியாகிவிடும். புதுச்சேரிக்குப் போய்வருவது நடக்காத காரியம். யாரும் என்னைப் பூட்டிவைக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. ஆனால் புண் வராமலிருக்க அப்பாவுக்குப் போட்டிருந்த காற்று மெத்தையின் மோட்டார் இரவும் பகலும் இரைந்துகொண்டே இருக்கும். தெருமுனைக் கடையில் நிற்கும்போதுகூட அது காதுக்குள் கேட்கும். லீவு முடிந்தது. நீட்டித்த லீவும் முடிந்தது. என் இடத்தில் ஒரு பையனை எடுத்துவிட்டார்கள்.

என்னோடு அங்கே வேலை பார்த்த தோழி அவ்வப்போது கூப்பிடுவாள். ஒருநாள், "கை மறந்துபோயிடும்போல இருக்குடி" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வில்லியனூர் பார்சல் ஆபீசிலிருந்து போன் வந்தது. முளைகட்டிக் காயவைத்த பார்லி ஒரு மூட்டை, கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பாக்கெட்டுகள், ஈஸ்ட், பாட்டிலுக்கு மூடி அழுத்தும் சின்னக் கருவி. எல்லாவற்றையும் அனுப்பியிருந்தாள்.

வீட்டில் பியர் காய்ச்ச அனுமதி கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஊருக்கு ஊர் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் திறந்திருக்கும் இடம்தான் எங்களுடையது. ஆனாலும் ஒரு பெண் வீட்டில் காய்ச்சுகிறாள் என்றால் அந்தப் பேச்சே வேறு. அம்மா என் வேலையை ஊரில் 'ஜூஸ் கம்பெனி' என்று சொல்லிவைத்திருந்தாள். அப்பாவுக்கு உண்மை தெரியும். உடம்பு நன்றாயிருந்த காலத்தில் போனில், "உன் சரக்கு எப்பிடி போவுது?" என்று கேட்டுச் சிரிப்பார். அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

நான் காய்ச்ச நினைத்தது கோல்டன் ஏல் என்ற வகைப் பியர். வெளிர்மஞ்சள் நிறம், லேசான கசப்பு. தப்பை மறைக்க அதில் எதுவும் கிடையாது, கொஞ்சம் பிசகினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். முளைத்த பார்லியில் காய்ச்சித் தயாராக விற்கும் மால்ட் பாகைக் கரைத்துச் செய்தால் சுலபமாக முடிந்துவிடும். நான் முழுத் தானியத்திலிருந்துதான் தொடங்கினேன். நேரம் பிடிக்கும் வேலைதான் எனக்கு வேண்டியிருந்தது.

மாவு மிஷினில் மூட்டையை இறக்கியதும் மிஷின்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கோதுமையா?"

"பார்லிண்ணா. அப்பாவுக்குக் கஞ்சி. மாவாக்க வேணாம், ஒடைச்சா போதும்."

அப்பாவைப் புரட்டிவிட்டு, அம்மாவிடமும் கஞ்சி என்றே சொல்லி, பின்கட்டு அடுப்பில் அண்டாவை வைத்தேன். தண்ணீரை அளவான சூட்டுக்குக் கொண்டுவந்து, உடைத்த தானியத்தைக் கொட்டி மூடி வைத்தேன். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறினால் தானியத்தின் மாவு சர்க்கரையாக மாறும். அப்பா இனி கட்டப்போவதில்லை என்று அம்மா ஒதுக்கிவைத்த வேட்டி ஒன்றைத் துவைத்து வேகவைத்து வடிகட்டும் துணியாக்கிக்கொண்டேன். வடித்த சாற்றில் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, தண்ணீர் கேனில் ஊற்றி ஈஸ்ட் தூவினேன். நுரைக்கும்போது காற்று வெளியேற ஒரு குழாய் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து கூடுதலாக வாங்கிவந்த, பிரிக்காத சலைன் டியூப் ஒன்று இருந்தது. அதை மூடியில் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். மறுநாள் காலையில் அது குமிழ் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்டு ஒன்றாவது நடக்கிறதே என்று இருந்தது.

அது சித்திரை மாதம். உள்ளறையின் வெக்கையில் ஈஸ்ட் வெறிபிடித்து வேலை செய்தது. திறந்தபோது நெயில் பாலிஷும் கனிந்த வாழைப்பழமும் கலந்த வாடை. ஒரு வாய் குடித்ததற்கே தலை கனத்தது. முழுக்கக் கொண்டுபோய்த் தென்னை வேரில் ஊற்றினேன்.

இரண்டாம் முறை கேனை ஈரச்சாக்கால் சுற்றி, தண்ணீர் நிரப்பிய டப்பில் உட்காரவைத்து, ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டேன். "பிரிட்ஜ் பூரா இன்னாடி பாட்டிலு? மீனு வெக்க எடமில்ல" என்றாள் அம்மா. அப்பாவுக்கு ஒத்தடம் என்றேன். அந்தப் பியரில் வாடை இல்லை. ஆனால் கனமாக, இனிப்பாக இருந்தது. இந்த வெயிலில் பாயசத்தையா குடிப்பார்கள்? மூன்றாம் முறை ஊறவைக்கும் சூட்டைக் கொஞ்சம் இறக்கினேன், அப்படிச் செய்தால் இனிப்பு குறையும். பார்லியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவல் போட்டேன். அவல் ஏற்கெனவே வேகவைத்துத் தட்டியது, வெந்நீரில் போட்டதும் கரைந்துபோகும். பியருக்கு உடம்பு இளைக்கும்.

பழைய பேப்பர் கடையில் வாங்கிக் கழுவிவைத்திருந்த பாட்டில்களில் அதை நிரப்பி, மூடி போட்டு, ஸ்டோர் ரூம் பரண்மேல் அடுக்கினேன். அவசரப்பட்டிருக்கிறேன். உள்ளே நுரைப்பது முழுக்க அடங்கியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவைப் பார்க்க மடுகரையிலிருந்து அத்தை வந்திருந்தார், கூடவே அவர் சம்பந்தி வீட்டு ஆட்களும். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் ரூமில் வெடிச் சத்தம் கேட்டது. கேஸ் சிலிண்டர்தான் என்று எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். பின்னால் இன்னொன்று, பிறகு வரிசையாக நாலைந்து. கதவுக்கு அடியிலிருந்து மஞ்சள் நுரை கூடத்துக்கு வழிந்து வந்தது. திரும்பி வந்த அத்தை சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார்.

"இன்னா அண்ணி, வூட்லயே காச்ச ஆரம்பிச்சிட்டீங்களா?"

அம்மா காபித் தட்டைக் கீழே வைத்தாள். அப்போது அப்பாவின் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். படுத்த பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏற, நல்ல கையைத் தூக்கி என் பக்கம் நீட்டி, "தா" என்றார். அத்தனை மாதத்தில் தெளிவாக வந்த முதல் வார்த்தை. கெட்டியான கஞ்சியைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்கக் கூடாது, புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் கை அப்படியே நீண்டிருந்தது.

வந்தவர்கள் போன பிறகு நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"உங்கப்பன் குடிச்சிட்டு வுழுந்த எடத்தயெல்லாம் நாந்தான் கழுவுனேன். இப்ப படுத்த எடத்தயும் நாந்தான் கழுவுறேன். மிச்சத்துக்கு நீ வந்து வூட்லயே காச்சுறியா?"

"குடிக்கவா காச்சுறேன்? அது என் வேலைம்மா."

"வேலன்னா அங்க போயி செய்யி."

"என்ன யாரு வுடுறா போறதுக்கு?" என்று கத்திவிட்டேன்.

அம்மா கீழே உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, சுவரில் சாய்ந்து.

"நீ போயிட்டா இந்த மனுசன நான் எப்பிடிடி பொரட்டுவேன்?" என்றாள். கோபம் வடிந்த குரல். "ஒனக்குப் போன வருசத்துலேர்ந்துதான். நான் கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இங்கதான் கெடக்கேன்."

பொறுக்கியதை முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்தேன். புரட்டும் நேரமாகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வூட்ல வேணாம். மோட்டார் கொட்டாயில வெச்சிக்க. அங்கன்னா நாத்தம் வராது, ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

அதை அவள் பியரின் நல்லதுக்காகச் சொல்லவில்லை. கண்ணில் படாமல் போகட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் அங்கே போர்வெல் தண்ணீர் விழும் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. குத்தகைக்காரர் காலையும் மாலையும் மோட்டார் போடுவார். நிலத்துக்கு அடியிலிருந்து வரும் தண்ணீர், வெளி வெயிலுக்கு எவ்வளவோ குளிர்ச்சி. அண்டாவையும் அங்கேயே கொண்டுபோய்க் காய்ச்சி, கேனைக் கழுத்துவரை தொட்டிக்குள் இறக்கிக் கயிற்றால் கட்டினேன். ஐஸ் பாட்டில் வேண்டியிருக்கவில்லை. குத்தகைக்காரரிடம் அப்பாவுக்கு மூலிகைக் கஷாயம் என்று சொன்னேன். அவர் நம்பியமாதிரி தலையாட்டிவிட்டு, வடித்த சக்கையைத் தன் மாட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாலாவது கேனில் இன்னும் இரண்டு மாற்றம் செய்தேன். எங்கள் தண்ணீரில் உப்பு தூக்கல், அது கசப்பை முரடாக்குகிறது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கடையில் வாங்கிய குடிதண்ணீர் கலந்தேன். கசப்புக்கான ஹாப்ஸைக் குறைத்து, மணத்துக்கானதைக் கடைசிக் கொதியில் போட்டேன். இந்த முறை பொறுத்திருந்து, நுரை முழுக்க அடங்கிய பிறகே பாட்டிலில் அடைத்தேன். கொட்டாய் வாசலில் நின்று முதல் பாட்டிலைத் திறந்தேன். நிறம் தெளிந்திருந்தது. வாயில் வைத்ததும் லேசாக இறங்கி, கடைசியில் சின்னதாய் ஒரு கசப்பு நின்றது. பெங்களூரில் நாங்கள் செய்ததைவிட நன்றாயிருந்தது. யாரிடமாவது நீட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. சுற்றிலும் கரும்புதான் நின்றது. பாதிகூடக் குடிக்கவில்லை, அம்மாவின் போன் வந்தது. அப்பா படுக்கையை நனைத்துவிட்டார்.

தோழிக்குச் சொன்னேன். அவள் தன் முதலாளியிடம் சொன்னாள். புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள், அவல் பியரை அங்கே வைக்கலாம், ஒரு மாதம் வந்து காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துப் பார்த்தோம். ஒதியம்பட்டிலிருந்து வந்த அம்மாள் நல்லவர்தான். அப்பா கஞ்சிக் கிண்ணத்தை அவர்மேல் தட்டிவிட்டார். ஒருதடவை பொறுத்தார், மறுதடவை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். தம்பிக்குப் போன் போட்டேன்.

"லீவு குடுக்க மாட்டான்க்கா. பொங்கலுக்குப் பாக்கலாம்" என்றான்.

ஆக, போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஒரு கையில் அப்பாவின் தோள், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். முதல்முறை அங்கே இனிப்பாக வந்துவிட்டது என்றார்கள். ஊறவைத்த சூடு என்ன என்று கேட்டு, இறக்கச் சொன்னேன். இரண்டாம் முறை சரியாக வந்தது. திறப்பு நாளன்று தோழி போட்டோ அனுப்பினாள். நீளமான கிளாசில் என் பியர், பின்னால் சிரிக்கும் முகங்கள். நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவுக்கு நகம் வெட்டினேன்.

பொங்கலுக்குத் தம்பி நிஜமாகவே வந்தான். புரட்டுவது எப்படி என்று இரண்டு நாள் காட்டிக்கொடுத்துவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினேன். ஒரு வாரம் அங்கே இருந்தேன். என் பியரை ஜில்லென்று, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து குடித்தேன். நிதானமாக, கிளாஸ் காலியாகும்வரை. முதலாளி நிரந்தர வேலை என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். தம்பியின் லீவு முடியப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும்.

திரும்பி வந்த அன்று அப்பாவைப் புரட்டியபோது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஓரிடத்தில் உரிந்திருந்தது. தம்பி வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். வெந்நீரும் பஞ்சும் எடுத்துவந்தேன். அம்மா மறுபக்கம் நின்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சி."

"அப்பறம் ஏன் வந்த?"

"பஸ்ஸு கெடச்சிது, வந்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட சாய்" என்றாள் அம்மா. நான் சாய்ந்து, அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன்.