வெகு விமரிசையாக

எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்து முருகன் கோயில் சுவரில் வருஷா வருஷம் நோட்டீஸ் ஒட்டுவார்கள். "திருக்கல்யாணம் வெகு விமரிசையாக நடைபெறும்." நான் எட்டாவதோடு நின்றவன். அந்த வார்த்தைக்கு யாரும் எனக்கு அர்த்தம் சொன்னதில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். வாசலில் வாழைமரம், மேளச் சத்தம், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சாப்பாடு. பணத்தைக் கொட்டினால்தான் விமரிசை என்கிறார்கள். கிடையாது. மூடி மறைக்காமல் ஊரறியச் செய்தால் அதுதான் விமரிசை.

என் மகள் கல்யாணமான மறு வருஷமே புருஷனை விபத்தில் பறிகொடுத்துவிட்டு எங்களிடம் வந்துவிட்டாள். போன வருஷம் முடிச்சூரிலிருந்து ஒரு பையன் எல்லாம் தெரிந்தே பெண் கேட்டு வந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு நான் எழுதி வைத்திருந்ததை என் அண்ணன் வாங்கிப் படித்தார்.

"வெகு விமரிசையா? இன்னாடா இது? ரெண்டாங் கல்யாணத்துக்கு மேளதாளமா? விடியக்காலையில கோயில்ல மாலை மாத்தி சிம்பிளா முடி. நாலு பேர் சிரிப்பாங்க."

"முருகனுக்கும் ரெண்டு கல்யாணம்தாண்ணா. நீதான் வருஷா வருஷம் சீர்த்தட்டு தூக்கினு போற."

"அவரு சாமிடா. அதுவும் ஆம்பள."

"அப்ப ரெண்டாவதுங்கறது உனக்குப் பிரச்சனை இல்ல. பொண்ணுங்கறதுதான்."

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா, விடியக்காலையில எனக்கு மூஞ்சி வீங்கியிருக்கும். போட்டோ நல்லா வராது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். ஒளிந்துகொண்டு தாலி கட்டிக்கொள்ள என் பெண் என்ன திருடியா? முருகன் கொடுத்த வாழ்வை முருகன் எதிரில் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்ளட்டும். எழுதியதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை.

நல்ல பகல் முகூர்த்தம். அதே கோயில். மைக்செட்டை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் கெட்டிமேளம் கேட்டிருக்கும்.

பந்தி நடக்கும்போது, பஸ்ஸுக்கு நின்றிருந்த ஓர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "யாருக்கு சார் கல்யாணம்?"

"என் பொண்ணுக்கும்மா. ரெண்டாங் கல்யாணம்."

பக்கத்திலிருந்த அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மெதுவாப் பேசுடா."

நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். "ரெண்டாங் கல்யாணம்மா. உள்ள வாங்க, சாப்பிட்டுத்தான் போவணும்."